வன்பொருள் இங்கே, இயங்குதளம் எங்கே?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் ஒரகடம் அமைந்துள்ளது. ராமானுஜர் பிறந்த ஊராக அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூரையும், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் முதலிய ஊர்களையும் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒரே தொழில் வட்டாரமாகப் பிணைத்துவிட்டன. கார், சரக்குந்து, மோட்டார் சைக்கிள், டயர் ஆகியவற்றின் ஆலைகளே ஒரகடத்தின் பெயரை முதலில் வெளியுலகுக்குக் கொண்டுசென்றன என்றாலும், இன்று இந்த வட்டாரம் உலகச் செய்திகளில் இடம்பெறுவதற்கு முதற்காரணம் உள்ளங்கையில் அடங்கும் கைபேசிதான். 2024–25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலரை எட்டியது. அது நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகமாகும்.

கைபேசி என்பது இரண்டு பகுதிகளால் ஆனது: தொட்டுணரக்கூடிய உறுப்புகளின் தொகுதியாகிய வன்பொருள் ஒன்று, அந்த உறுப்புகளை ஆளும் கட்டளைத் தொகுதியாகிய இயங்குதளம் மற்றொன்று. ஆலையில் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டுமே என்பதால், ஆலையின் வளர்ச்சியும் வீழ்ச்சியும் அதைச் சார்ந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் இருபதாண்டு வரலாறு இதற்கு மாறான செய்தியைச் சொல்கிறது. இங்கே ஒரு மாபெரும் ஆலை மூடப்பட்டதற்குப் பின்னால் இருந்தவை வேறொரு கண்டத்தில் இயங்குதளத்தைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளும், கைபேசிக்குள் ஏற்றப்பட்ட மென்பொருளுக்கு வரி உண்டா என்ற வழக்கும்தான்.

கைபேசியின் மேல்மூடியைக் கழற்றினால், இடத்தின் பெரும்பகுதியை லித்தியம் அயனி மின்கலம் பிடித்துக்கொண்டிருப்பதும், எஞ்சிய குறுகிய பரப்பில் மதர்போர்டு என்று அழைக்கப்படும் மின்சுற்றுப் பலகை அமைந்திருப்பதும் தெரியும். அந்தப் பலகையின் நடுவே இருக்கும் முதன்மைச் சிப்பில், கணக்கிடும் நுண்செயலி, திரையில் உருவங்களை வரையும் வரைகலைப் பகுதி, கேமரா தரும் தரவைப் படமாக்கும் பகுதி, பல சிப்களில் தொலைத்தொடர்புக் கோபுரத்தோடு பேசும் மோடம் ஆகிய அனைத்தும் ஒரே சிலிக்கான் துண்டில் செதுக்கப்பட்டிருக்கும். முன்பு தனித்தனி சிப்களாக இருந்த உறுப்புகள் இவ்வாறு ஒன்றாக்கப்பட்டதனால்தான் மேசைக்கணினி செய்த வேலைகளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி செய்ய முடிகிறது. 2023இல் வெளிவந்த ஐபோன் 15 புரோவின் முதன்மைச் சிப்பில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன என்று ஆப்பிள் அறிவித்தது. டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் கணக்கிட உதவும் மிகச்சிறிய மின்சுவிட்ச். ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளின் நுண்செயலியும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1990இல் தொடங்கப்பட்ட ஆர்ம் நிறுவனம் வகுத்த கட்டளைமுறையைப் பின்பற்றுகிறது. முன்னணிக் கைபேசிகளின் சிப்கள் பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் வார்க்கப்படுகின்றன.

முதன்மைச் சிப்புக்கு அருகிலேயே இரண்டு வகை நினைவகங்கள் இருக்கும். ரேம் எனப்படும் விரைவு நினைவகம் மின்சாரம் நின்றதும் தன்னிடமுள்ளதை இழந்துவிடும். ஃபிளாஷ் எனப்படும் சேமிப்பகம் மின்சாரம் இல்லாதபோதும் இயங்குதளத்தையும் படங்களையும் காத்துவைத்திருக்கும். மின்கலத்திலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஒவ்வொரு உறுப்புக்கும் தேவையான அளவுக்கு மாற்றித் தரும் சிப், ரேடியோ அலைகளைப் பெருக்கும் சிப், அசைவையும் திசையையும் உணரும் உணரிகள், மின்னோட்டத்தைச் சீராக்கும் மணலளவு மின்தேக்கிகள் என்று ஒரு பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இடம்பெறக்கூடும்.

இவ்வளவு நுண்ணிய உறுப்புகளைக் கையால் பற்றவைக்க இயலாது. எஸ்எம்டி லைன் என்று தொழிலாளர்கள் அழைக்கும் இயந்திர வரிசையில் முதலில் வெற்றுப் பலகையின் மீது, துளையிட்ட தகட்டின் வழியாக, சால்டர் பேஸ்ட் எனப்படும் உலோகப் பசை பூசப்படுகிறது. பின்னர் சுருள் நாடாக்களில் அடுக்கிவரும் உறுப்புகளை உறிஞ்சியெடுத்து உரிய இடத்தில் வைக்கும் இயந்திரம் கண் தொடர முடியாத வேகத்தில் பலகையை நிரப்புகிறது. அதன்பின் பலகை ரீஃப்ளோ அடுப்புக்குள் சென்று ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படும்போது பசை உருகி, குளிரும்போது இறுகி, உறுப்புகள் நிலைபெறுகின்றன. கேமராக்களும் ஊடுகதிர்க் கருவிகளும் ஒட்டுகளைச் சரிபார்த்த பிறகே மனிதக் கைகளின் வேலை தொடங்குகிறது. திரை, கேமரா, மின்கலம், ஒலிபெருக்கி ஆகியவற்றை இணைத்து, ஊசிமுனை போன்ற திருகுகளை முறுக்கும் இந்தக் கட்டத்தில் தொழிலாளர்கள், உறுப்புகளை நிலைமின்சாரம் தாக்காதபடி, சிறப்பு மேலங்கியும் மணிக்கட்டுப் பட்டையும் அணிந்திருப்பார்கள்; உடலில் சேரும் சிறிதளவு மின்னூட்டமே ஒரு சிப்பைப் பழுதாக்கிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் அந்தக் கருவி கைபேசியாகிவிடுவதில்லை. அடுத்த கட்டத்தில் இயங்குதளம் அதன் சேமிப்பகத்தில் ஏற்றப்படுகிறது. உலகில் வேறெந்தக் கருவிக்கும் இல்லாத 15 இலக்க ஐஎம்இஐ எண் பதிக்கப்படுகிறது. வெளி அலைகள் புகாத உலோகப் பெட்டிக்குள் வைத்து அதன் ரேடியோ திறன் அளந்து திருத்தப்படுகிறது. தொடுதிரையும் கேமராவும் ஒலிவாங்கியும் சோதனை நிரல்களின் மூலம் தேர்வு செய்யப்படுகின்றன. ஒரு கைபேசி ஆலையின் உண்மையான தொழில்நுட்பச் செல்வம் இந்தச் சோதனைக் கட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் திருகு முறுக்கும் வரிசையை மட்டுமே பார்த்து, ஆலையை எடைபோட்டுவிடுகிறார்கள்.

இயங்குதளத்தின் அடித்தளத்தில் கெர்னல் எனப்படும் உட்கரு உள்ளது. ஒரே நேரத்தில் இயங்க விரும்பும் பல செயலிகளுக்கு நுண்செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் பரப்பையும் பங்கிட்டுத் தருவதும், ஒரு செயலி மற்றொன்றின் எல்லைக்குள் புகாமல் காப்பதும் அதன் பணி. ஏரிப் பாசன ஊர்களில் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முறைவைத்துத் திறந்துவிட்ட நீர்க்கட்டியின் பொறுப்பை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் மீது ஆண்ட்ராய்டு கட்டப்பட்டுள்ளது. ஆப்பிளின் ஐஓஎஸ், அந்நிறுவனத்தின் கணினிகளில் உள்ள கெர்னலோடு பொதுவான வேரைக் கொண்டது.

கெர்னலுக்கும் ஒவ்வொரு வன்பொருள் உறுப்புக்கும் இடையே டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் ஒன்று வேண்டும். ஒரு கேமரா உணரிக்கு எந்தச் சமிக்ஞை கொடுத்தால் ஒளியளவு மாறும், ஒரு திரைக்கு எந்த வரிசையில் மின்னழுத்தம் தர வேண்டும் என்பவை அந்த உறுப்பைச் செய்தவருக்கே முழுமையாகத் தெரியும் என்பதால், இயக்கி நிரல்களும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வருகின்றன. சாதாரண வாடிக்கையாளரை நேரடியாகப் பாதிக்கும் விளைவு இதிலிருந்து பிறக்கிறது: சிப் நிறுவனம் ஒரு பழைய சிப்புக்கான இயக்கி நிரல்களைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், கைபேசி நல்ல நிலையில் இருந்தாலும் அதற்குப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பைக் கொடுப்பது மிகக் கடினமாகிவிடுகிறது. இயக்கி நிரல்களையும் மேலடுக்கையும் பிரித்து இச்சிக்கலைத் தளர்த்துவதற்காகக் கூகுள் 2017இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்பில் டிரெபிள் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2023இல் பிக்சல் 8 கைபேசிக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. இந்திய வாடிக்கையாளருக்கும் இத்தகைய சட்டப் பாதுகாப்பு தேவை.

இந்தப் பின்னணியில்தான் நோக்கியாவின் கதையைப் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நோக்கியா, 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உறுப்புகளை வழங்கும் நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பல்லாயிரம் இளம்பெண்களுக்கு முதல் ஊதியத்தை அந்த வளாகம் வழங்கியது. குறைந்த விலையில் உறுதியான கைபேசிகளைச் செய்வதில் அந்த ஆலைக்கு நிகர் உலகில் சிலவே இருந்தன. ஆனால் 2007இல் ஐபோனும் 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் வெளிவந்த பிறகு போட்டியின் களம் மாறியது. விசைப்பலகைக் கைபேசிகளுக்கென வளர்ந்த, நோக்கியா பயன்படுத்திய சிம்பியன் இயங்குதளம் தொடுதிரைக் காலத்துக்கு வேகமாக மாற இயலாமல் திணறியது; 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தது; அந்தத் தளத்துக்குப் போதிய செயலிகள் சேரவில்லை; வாடிக்கையாளர்கள் ஆண்ட்ராய்டுக்குச் சென்றார்கள். எஸ்எம்டி வரிசையில் எந்தக் குறையும் நேரவில்லை. தொழிலாளியின் கைத்திறனும் குறையவில்லை. வரிசையில் ஏற்றப்பட்ட மென்பொருளை உலகம் வேண்டாமென்றது.

இதே காலத்தில் வருமான வரித்துறையின் வழக்கும் எழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளுக்காக நோக்கியா இந்தியா பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகை உரிமத்தொகையாகும் என்றும், அதில் வரிப்பிடித்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறிய துறை, 2013இல் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகையைக் கோரியது. வரி எதுவும் பாக்கியில்லை என்பது நோக்கியாவின் வாதம். ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்குச் சென்றபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேர முடியாமல் நின்றது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் உற்பத்தி செய்துவிட்டு, 2014 நவம்பர் 1 அன்று அது நின்றது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். அந்த விருப்பம் எத்தகையது என்பதை அவர்களின் குடும்பங்கள் அறியும். வரிச் சிக்கல் 2018இல் இரு நாடுகளுக்கிடையிலான இணக்க நடைமுறையின் மூலம் தீர்ந்தது. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பயன்பாட்டுக்கோ மறுவிற்பனைக்கோ வாங்கும் மென்பொருளுக்குத் தரும் விலை, பதிப்புரிமைக்கான உரிமத்தொகை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் வேறு வழக்குகளில் 2021 மார்ச் 2 அன்று தீர்ப்பளித்தது. எந்தத் தெளிவும் வேலையிழந்தவர்களுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

ஆலைக் கட்டடம் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. மின்னேற்றிகளைச் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தைப் பெற்றுக்கொள்வதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், ஆப்பிளுக்காக ஒப்பந்த முறையில் உற்பத்தி செய்யும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் இந்த வட்டாரத்தில் ஐபோன் பொருத்தத் தொடங்கியது. தொடக்கத்தில் பழைய மாதிரிகளே இங்கு வந்தன. 2022இல் ஐபோன் 14 வெளியான சில வாரங்களிலேயே இங்கும் உற்பத்தி தொடங்கியது. 2024இல் உயர்விலைப் புரோ மாதிரிகளும் வந்து சேர்ந்தன.

இவ்வளர்ச்சியைத் தாங்கியவர்கள் மீண்டும் இளம்பெண்களே என்பதைச் சொல்லாமல் வன்பொருளைப் பற்றிப் பேசுவது முறையாகாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும், ஆலை வாரக்கணக்கில் மூடப்பட்டதும் நாடறிந்தவை. அதன் பிறகே தங்குமிடம் அரசின் கவனத்துக்குரிய பொருளாயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஒரு கைபேசியின் உறுப்புகளைக் கணக்கிடுபவர்கள் இந்த உழைப்பையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது நடைபெறும் மாற்றம் பொருத்துதலிலிருந்து உறுப்புகளை நோக்கிச் செல்கிறது. ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான யுஜான் டெக்னாலஜி காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13,180 கோடி ரூபாய் முதலீட்டில் 14,000 பேருக்கு வேலை தரும் ஆலையை அமைக்கத் தமிழ்நாடு அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. ஒரகடத்தில் வரும் அந்த ஆலையின் பொருள் திரைத் தொகுதி என்று செய்திகள் கூறின. திரைத் தொகுதி என்பது ஒளிரும் பலகை, தொடுதலை உணரும் அடுக்கு, மேற்கண்ணாடி, கட்டுப்பாட்டுச் சிப் ஆகியவற்றை ஒட்டி இணைத்த முழு உறுப்பு. ஒளிரும் பலகை இன்னும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்துமே வருகிறது என்றாலும், இணைக்கும் நுட்பம் ஒரகடத்துக்கு வருவது சிறிய செய்தி அன்று. கொரில்லா கிளாஸ் செய்யும் கார்னிங், ஆப்டிமஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மேற்கண்ணாடியை மெருகேற்றும் ஆலையைப் பிள்ளைப்பாக்கத்தில் அமைக்க 2024இல் முன்வந்தது. ஒன்றிய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய் மதிப்பில் மின்னணு உறுப்பு உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் தனக்கென ஓர் உறுப்புத் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் இயங்குதளத்தில் நிலைமை மாறவில்லை. இங்கே பொருத்தப்படும் ஐபோனின் சிப்புக்குள் ஆப்பிளின் சரிபார்ப்புத் திறவுகோல் உருவாக்கத்தின்போதே பொறிக்கப்பட்டுவிடுகிறது. ஆப்பிள் கையொப்பமிடாத எந்த இயங்குதளத்தையும் அந்தச் சிப் ஏற்காது. பாதுகாப்புக்கு இது சிறந்த ஏற்பாடு. அதே நேரத்தில், கருவியைச் செய்த ஊருக்கு அதன் மென்பொருளின் மீது எந்தப் பிடியும் இல்லை என்பதையும் இது காட்டுகிறது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் யாவருக்கும் திறந்திருந்தாலும், பிளே ஸ்டோர் உள்ளிட்ட கூகுள் சேவைகள் உரிமத்துக்கு உட்பட்டவை. அந்த உரிமத்தைப் பெறும் நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களை விற்க இயலாதபடி கட்டுப்படுத்தப்பட்டன என்ற காரணம் உட்பட, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதிசெய்தது.

ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சென்னை ஐஐடி வளாகத்தில் இதற்கு மாற்று தேடும் முயற்சிகள் நடந்துள்ளன. அங்கு ஊக்கம் பெற்ற ஒரு நிறுவனம் உருவாக்கிய பரோஸ் என்ற இயங்குதளம் 2023 ஜனவரியில் அறிமுகமானது. முன்னரே ஏற்றப்பட்ட செயலிகள் எதுவுமின்றி, தேவையானவற்றை மட்டும் நம்பகமான களஞ்சியத்திலிருந்து பெறும் வகையில் அது அமைக்கப்பட்டது. அதன் அடிப்படையும் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலே என்பதால் அதை முற்றிலும் புதிய இயங்குதளம் என்று கொண்டாடியது மிகை. அதன் காரணமாகவே அதைப் புறந்தள்ளுவதும் தவறு. அதே ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி நுண்செயலி, 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. உரிமக் கட்டணமில்லாத ரிஸ்க்-ஃபைவ் கட்டளைமுறையைப் பின்பற்றும் அது திறன்பேசிக்கு ஏற்ற வேகம் கொண்டதன்று என்றாலும், சிப்பையும் அதன் நிரலையும் சேர்த்து அறிந்த மாணவர் தலைமுறை ஒன்றை உருவாக்கியது.

அடித்தள மென்பொருளில் ஒரு சமூகம் ஊன்றி உழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழே சான்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் வழியில், 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினம் என்ற கைபேசி மென்பொருள் வெளிவந்து, கைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இயங்குதளத்துக்குச் சொந்தக்காரராக இல்லாதவர்களும் அதன் ஓர் அடுக்கை ஆழமாகக் கற்று அதற்குள் இடம் பெற முடியும்.

ஒரகடத்துக்குப் பொருந்தும் வழியும் அதுவே. உலகச் சந்தைக்கான புதிய இயங்குதளத்தை ஒரே பாய்ச்சலில் உருவாக்குவது மைக்ரோசாஃப்டுக்கே கைகூடவில்லை; ஆனால் மின்சுற்றுப் பலகை வடிவமைப்பு, இயக்கி நிரல், ரேடியோ திருத்தம், சோதனை மென்பொருள், பழைய கைபேசிகளுக்கான நீண்டகாலப் புதுப்பிப்பு ஆகியவை வன்பொருளுக்கு அருகிலிருந்து செய்ய வேண்டிய வேலைகள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் நிறைந்துள்ளன. அவற்றிலிருந்து வெளிவருவோர் கெர்னலின் ஒரு வரியைக்கூடத் திருத்திப் பார்க்காமல் பட்டம் பெறும் நிலை இருக்கக் கூடாது. உறுப்பு உற்பத்திக்கு ஊக்கத்தொகை வழங்கும் ஒன்றிய, மாநிலத் திட்டங்களின் அடுத்த கட்டத்தில், அந்த உறுப்புகளை இயக்கும் நிரல்களை இங்கேயே எழுதும் நிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். எஸ்எம்டி வரிசையில் நிற்கும் பெண்களுக்குச் சோதனைப் பொறியியலில் பட்டயப் படிப்பும், அதை முடித்தவர்களுக்கு ஆலையிலேயே பதவி உயர்வும் அத்திட்டங்களின் நிபந்தனையாக வேண்டும்.